மணிமொழியின் கம்பி

சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் அழவும் தெரியவில்லை, சும்மா இருக்கவும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஃபோனை எடுத்துவிடுகிறார்கள். பிணத்தின் முகத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அதைப் பார்க்கிறார்கள். அப்புறம் ஆளாளுக்கு ஒரு யோசனை. வண்டியை எங்கே நிறுத்துவது, தண்ணீர் கேனை எங்கே வைப்பது, எப்போது தூக்குவது. பெற்றவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

தங்கராசு இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு நேரமில்லை. ஓர் ஏணியின் அடிக்கட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். ஏணி உச்சியில், கையில் அரிவாளோடு, சாமியானா போட வந்தவன் தொங்கிக்கொண்டிருந்தான்.

“எறங்குடா.”

“தாத்தா, ஆட்டாதீங்க! வுழுந்துடுவன்!”

“வுழு. இன்னொரு ஐஸ் பொட்டி சொல்லிக்கலாம். எறங்குடான்றன்.”

“ஒங்க மச்சான்தான் தாத்தா கம்பிய அறுக்கச் சொன்னாரு.”

மச்சான் செங்குட்டுவன் அதற்குள் வந்துவிட்டார். தங்கராசுவின் மனைவி ஆதிலட்சுமியின் தம்பி. சொந்தத்தில் எந்தச் சாவு என்றாலும் முதல் பஸ்ஸில் வந்து, கடைசி ஆள் போகிறவரை நின்று, முறை ஒன்று விடாமல் செய்ய வைக்கிறவர். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார்.

“நான்தான் மாமா சொன்னன். கன்னி கழியாத பொண்ணு. வயசு அம்பதானாலும் கன்னி கன்னிதான். பூமியில நிக்காது. ஒசரத்துல இப்படி ஒரு கம்பி இருந்தா அதுலதான் வந்து ஒக்காரும். உசுரோட இருந்தப்பவே காத்துலதான பேசிக்கினு இருந்துச்சு.”

“ஒக்காரட்டும். அவ கட்டன கம்பி, அவ ஒக்காரட்டும். உன் தலமேலயா ஒக்காரப் போறா?”

“நீங்களே இந்தக் கம்பிய எத்தினி வாட்டி திட்டியிருக்கீங்க!”

“திட்டுவன். எம் பொண்ண நான் திட்டுவன், அவ கம்பியையும் நான் திட்டுவன். அறுக்கறதுக்கு நீ யார்ரா?”

சாமியானாக்காரன் இறங்கினான். தங்கராசு ஏணியைச் சுவரோரம் படுக்க வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இனி எவனாவது ஏற வேண்டுமென்றால் முதலில் அவரைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும்.

செங்குட்டுவன் ஏதோ முனகிக்கொண்டே உள்ளே போனார்.

கம்பி ஒன்றும் பெரிதில்லை. குவார்ட்டர்ஸ் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின்பக்கத்து வேப்பமரம் வரை, துணி காயப்போடும் கொடிபோல ஒன்று. அதன் நடுவிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் இறங்கி, ஜன்னல் வழியாக மணிமொழியின் அறைக்குள் போயிற்று. அங்கே மேசைமேல் ஒரு பெட்டி. பழைய யூபிஎஸ் ஒன்றின் தகரக் கூட்டுக்குள் அவள் தன் கையால் பற்ற வைத்து உண்டாக்கிய ரேடியோ. கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ.

தெர்மல் மின்நிலையத்தில் எலக்ட்ரிக்கலில் பர்மனென்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, நேரே அதன் முன்னால்தான் உட்காருவாள். அதைக் கட்டிக்கொண்டிருந்த மாதங்களில் ஹாலில் கால் வைக்க இடமிருக்காது. பிளம்பிங் பைப்பை முழ நீளத்துக்கு அறுத்து, அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்றுவாள். “அப்பா, இந்த முனைய மிதிச்சிக்க, தளரக் கூடாது” என்பாள். அவரும் மிதித்துக்கொண்டே திட்டுவார். ஈயம் உருகுகிற புகை சோற்றுக்குள் இறங்கி, குழம்பெல்லாம் அதே வாசனை அடிக்கும்.

“இது கவர்மென்ட்டுக்குத் தெரியுமா?”

“பரீட்ச எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்கன்ப்பா. செவுத்துல மாட்டியிருக்கன் பாரு.”

“பேசறதுக்குத்தான் ஃபோனு இருக்குதே.”

“ஃபோனு எவனோ நட்ட டவர்ல போவுது. இது நான் கட்டனதுல போவுது. இந்தச் சின்னப் பல்பு எரியற கரண்டுதாம்ப்பா, யாழ்ப்பாணம் வரைக்கும் போய்ச் சேருது.”

“சேந்துச்சுன்னு எவன் சொன்னான்?”

“யாழ்ப்பாணத்துக்காரரு சொன்னாரு.”

“அவன் யாழ்ப்பாணத்துக்காரன்னு எவன் சொன்னான்?”

அவள் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. ஒன்றிரண்டு முறை ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டிவிட்டாள். தகரக் கொட்டகைமேல் மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல், அதற்குள் கொசு பாடுகிறாற்போல என்னமோ. மைன்ஸில் மண் வாரும் பக்கெட் வீல் மெஷின் சத்தத்தில் பாதிக் காதைத் தொலைத்தவர் அவர். மீதிக் காதில் விழாததை நம்புகிற ஆள் இல்லை.

கல்யாண விஷயத்திலும் அவள் அப்படித்தான். வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டால் வேண்டாம் என்பதையே திரும்பச் சொன்னாள். தங்கராசு கத்திப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிட்டார். ஆதிலட்சுமி ஓயவில்லை. போன பொங்கலுக்குக்கூட, மனைவி செத்துப்போன ஒருவரைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள்.

முந்தின நாள் செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுப் படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஹார்ட் என்றார்கள். அவள் ஹார்ட்டுக்கு ஒன்றுமில்லை என்று தங்கராசு சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“ஐயா…”

எதிரே ஒருவன் நின்றிருந்தான். நாற்பது வயதிருக்கும். ஒரு கையில் மாலை வைத்திருந்த ஈரம், தோளில் ஒரு பை. பை தொளதொளவென்று தொங்கியது. காலிப் பையோடு வருகிறவன் எதையோ எடுத்துப்போகத்தான் வருகிறான் என்று தங்கராசு முடிவு செய்துவிட்டார்.

“எம் பேரு குமரவேலுங்க. சேத்தியாத்தோப்புல மோட்டார் காயில் கட்ற கடை வச்சிருக்கன். மணிமொழி அக்காவும் நாங்களும் ரேடியோவுல பேசிக்குவோங்க.”

“பைக்குள்ள என்னா?”

“ஹெட்ஃபோனுங்க.”

“அவ செட்ட எடுத்துக்கினு போவலாம்னு வந்தியா?”

“ஐயோ, இல்லீங்க ஐயா.” அவன் குரலைத் தாழ்த்தினான். “எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் போயிட்டா, தூக்கறதுக்கு முன்னாடி லைசென்ஸ் நம்பரும் பேரும் சொல்லி அவங்கள ரேடியோவுல மூணு வாட்டி கூப்புடுவோம். எல்லா ஊர்லயும் செட்டத் தொறந்து வச்சிக்கினு இருப்பாங்க. கூப்ட்டுட்டு, பதில் வருதான்னு ஒருத்தரும் பேசாம இருப்போம்.”

“பதில் வருமா?”

“வராதுங்க.”

“வராதுன்னு தெரிஞ்சிக்கினு எதுக்குய்யா கூப்புடறீங்க?”

“மொறைங்க. என் செட்டுலேந்தே கூப்ட்டிருக்கலாம். அக்கா கட்டன செட்டுலேந்து கூப்ட்டா நல்லா இருக்கும்னு எல்லாரும் நெனச்சாங்க. அக்கா குரல வருசக்கணக்கா தெரியும்ங்க. மூஞ்சிய இன்னைக்குத்தான் மொத மொத பாத்தன். ஐஸ் பொட்டில.”

தங்கராசு அவனைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்தார். என்ன சொல்வதென்று தெரியாதபோது மறுத்துவிடுவது அவர் வழக்கம்.

“தூக்கனப்புறம் பாக்கலாம். போய் ஒக்காரு.”

அப்போது திருவதிகையில் கட்டிக்கொடுத்த சின்ன மகள் வெண்மதி ஓடிவந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

“அப்பா, உள்ள வாங்க. மாமா வாழைய வெட்டிக்கினு வந்து நிக்க வச்சிருக்காரு. அக்காவுக்குத் தாலி கட்டணும்ன்றாரு.”

ஹாலில் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் இளவாழை ஒன்றைச் சாய்த்து, வேட்டி சுற்றி, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாலை போட்டிருந்தார்கள். செங்குட்டுவன் கையில் தாம்பாளம், அதில் மஞ்சள் துண்டு முடிந்த கயிறு. சுற்றிலும் பெண்கள். தலைமாட்டில் ஆதிலட்சுமி, பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி.

தங்கராசு வாழையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“மாப்ள எந்த டிபார்ட்மென்ட்? பர்மனென்டா, கான்ட்ராக்டா?”

மூலையில் ஒருத்தி சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“மாமா, வெளையாடற நேரமா இது?” என்றார் செங்குட்டுவன். “கன்னியா அனுப்பக் கூடாது. நம்ம சனத்துல எவனும் செய்யாததயா நான் செய்றன்? ஒரு முடிச்சு. வாழ சார்பா நான் போடறன். அப்பறம் அறுத்துட்டுத் தூக்கிக்கினு போயிட்டே இருக்கலாம்.”

“உசுரோட இருந்தப்ப வேணாம்னு சொன்னா. நான் கத்திப் பாத்தன், உங்கக்கா பட்டினி கெடந்து பாத்தா. ஒத்துக்கினாளா? இப்ப வேணாம்னு சொல்ல வாய் இல்லன்னு தெரிஞ்சிக்கினு கட்ட வந்துட்டீங்க. கட்ட விட மாட்டன்.”

“இந்தாய்யா.” ஆதிலட்சுமிதான். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. “அவன ஒண்ணும் சொல்லாத. நான்தான் கொண்டாரச் சொன்னன்.”

தங்கராசு அவள் பக்கம் திரும்பினார்.

“எம் பொண்ணு தனியாவே இருந்துட்டுப் போயிட்டா. அங்க போயும் தனியா அலையணுமா? ஒரு கயித்துக்குக்கூட வழி இல்லாதவளா அவ?”

“அவ தனியா இருந்தான்னு நீ கண்டியா?”

“பின்ன யாரு இருந்தாய்யா அவளுக்கு? சொல்லு. ஒரு ஆளக் காட்டு.”

ஹாலில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவரால் காட்ட முடியவில்லை. அவளோடு பேசியதாகச் சொல்லப்பட்ட ஒருவனையும் இன்றைக்கு முன்னால் அவர் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் இரைச்சலும் கொசுவும்தான். வாசல் பக்கம் பார்த்தார். குமரவேல் உட்காரச் சொன்ன இடத்தில் உட்காராமல், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

“யோவ், சேத்தியாத்தோப்பு! உள்ள வா.”

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

“அதோ அந்த ரூம்புதான். கூப்புடறதுன்னா போய்க் கூப்புடு. செட்டுல ஒரு ஸ்க்ரூ கொறஞ்சா தொலச்சிடுவன்.”

“இது என்னா மாமா, புதுசா ஒரு மொற?” என்றார் செங்குட்டுவன்.

“அவ ஆளுங்க மொற. அது அவளாப் போய்ச் சேந்துக்கினது. இந்த வாழ அவளா போய்ச் சேந்துக்கினதா?”

“எவனோ ஒருத்தன் ரூம்புக்குள்ள பேசறதுக்காக நாம காத்துக்கினு இருக்கணுமா? நேரம் போவுது.” செங்குட்டுவன் தாம்பாளத்தை வெண்மதியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. தரையில் வைத்துவிட்டு, கயிற்றை இரண்டு கைகளிலும் எடுத்துக்கொண்டு பெட்டிமேல் குனிந்தார். தங்கராசு அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மண் வாரிய கை. வயதானாலும் பிடி தளராது. இரண்டு கிழவர்களும் மணிமொழியின் முகத்துக்கு மேலே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

வாசலில் மைக்செட் பாடிக்கொண்டிருந்தது. போனவரைக் கும்பிட்டு அனுப்புகிற ஏதோ பாட்டு. அது திடீரென்று கரகரத்தது. யாரோ மிதித்ததுபோல அமுங்கிற்று. அதன்மேல் ஒரு குரல் ஏறி வந்தது.

“விக்டர்… யூனிஃபார்ம்… த்ரீ…”

எழுத்தும் எண்ணுமாக இன்னும் என்னென்னவோ. மைக்செட்காரன், பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஃபோனின் ஒயரைப் பிடுங்கினான். பாட்டு நின்றது. குரல் நிற்கவில்லை. ஒன்றுமே மாட்டாத ஸ்பீக்கர் தெள்ளத் தெளிவாகப் பேசியது:

“மணிமொழி அக்கா… மணிமொழி அக்கா… கேக்குதா? ஓவர்.”

“ஐயோ, கூப்புடுதுடி!”

சாமியானாவில் நாற்காலிகள் சாய்ந்தன. ஃபோனும் கையுமாக நின்றவர்கள்தான் முதலில் ஓடினார்கள். ஹாலில் இருந்த பெண்கள் வாசலுக்குப் பாய்ந்தார்கள். வாசலில் இருந்தவர்கள் ஹாலுக்குள் பாய்ந்தார்கள்.

“ஆம்பளக் கொரலால்ல இருக்குது!”

“கன்னிப் பேயி எந்தக் கொரல்ல வேணா பேசும்டி, நகரு!”

செங்குட்டுவன் கயிற்றைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் தாவினார். நாற்காலி இடறி, மாப்பிள்ளை வேட்டியோடு குப்புற விழுந்தார். வாழைதான், செங்குட்டுவன் இல்லை.

ஸ்பீக்கர் இரண்டாவது முறை கூப்பிட்டது. மூன்றாவது முறையும் கூப்பிட்டது. மூன்றாவது தடவை அந்தக் குரல் நடுவில் ஒருமுறை கம்மிற்று.

அப்புறம் ஒன்றுமில்லை.

ஓடியவர்கள் ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கூப்பிட்டால் பதில் வர வேண்டும் அல்லவா, எல்லோரும் அதற்காகத்தான் நின்றார்கள். எதிர்க் குவார்ட்டர்ஸில் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. ஆதிலட்சுமி மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, வாய் லேசாகத் திறந்திருக்க, அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யாருய்யா அது?” என்றாள் கடைசியில்.

“அந்தக் காயில் கட்றவன். ரேடியோவுல பேசனா மைக்செட்டுக்குள்ள பூந்துக்குது போல.”

“அவள எப்பவும் அப்படித்தான் கூப்புடுவானா?”

“எனக்கு என்னா தெரியும்?”

“மரியாதையா கூப்புடறான்.” அவள் மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். “அக்கான்றான்.”

“ம்.”

“பதிலுக்கு இவ என்னா சொல்லுவா?”

“என்னமோ ஓவர்னு சொல்லுவா.”

ஆதிலட்சுமி தரையில் கிடந்த கயிற்றை எடுத்தாள். செங்குட்டுவன் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மஞ்சள் துண்டிலிருந்த முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, கயிறு வேறு மஞ்சள் வேறாகத் தாம்பாளத்தில் போட்டாள்.

“தம்பி, அந்த வாழைய எடுத்து வெளியில வையி. கால் வைக்க எடமில்ல.”

“அக்கா, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னச் சொல்லக் கூடாது.”

“உன்னச் சொல்ல மாட்டன். எடுறா.”

செங்குட்டுவன் வாழையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார். வேட்டி அவிழ்ந்து பின்னால் இழுபட்டுக்கொண்டே போயிற்று.

தங்கராசு மகளின் அறைக்குப் போனார். பெட்டிக்கு மேல்மூடி கிடையாது. உள்ளே செம்புச் சுருள், ஈயம் வைத்த முடிச்சுகள், சின்னச் சிவப்பு விளக்கு. குமரவேல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். வெளியில் நடந்த அமளி எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“இப்ப எல்லாரும் சும்மா இருக்காங்கய்யா. அக்காவுக்காக. ராமேஸ்வரத்துல, பாலக்காட்டுல, பெங்களூர்ல.”

“சும்மா இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு சத்தமும் இல்ல பாருங்க.”

“ஆளே இல்லன்னாலும் ஒரு சத்தமும் இருக்காது.”

குமரவேல் மேசைமேல் இருந்த மைக்கை எடுத்து அவரிடம் நீட்டினான்.

“நீங்க ஒரு வார்த்த பேசுங்கய்யா. இந்தப் பட்டன அழுத்திக்கினு பேசணும். கேட்டுக்கினு இருக்காங்க.”

தங்கராசு அதை வாங்கினார். மகளின் கை பட்டுப் பட்டு பட்டனின் கறுப்பு தேய்ந்திருந்தது. அழுத்தினார். சிவப்பு விளக்கு லேசாக நடுங்கியது.

“எவன் கேக்கறான்?”

எவன் கேக்கறான் என்று வாசலில் ஸ்பீக்கர் அதட்டியது. ரோட்டில் மறுபடியும் யாரோ அலறினார்கள்.

அவர் பட்டனை விடவில்லை. தொண்டையைச் செருமினார். அதுவும் வெளியே கேட்டது.

“நான் மணிமொழியோட அப்பன் பேசறன். பேரு தங்கராசு. இப்ப தூக்கப் போறோம். கல்யாணம் கில்யாணம் ஒண்ணும் பண்ணி வைக்கல. அவ எப்படி இருந்தாளோ அப்படியே தூக்கறோம். அவ்ளோதான்.”

பட்டனை விட்டார். குமரவேல் அவசரமாகத் தன் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் காதில் வைத்தான். மழை இரைச்சல். இரைச்சலுக்கு அடியில் என்னமோ ஒன்று கீச்சிட்டது, நின்றது, மறுபடி கீச்சிட்டது.

“ராமேஸ்வரத்துக்காரருங்க! ‘கேட்டோம்ங்க ஐயா’ன்றாரு. கேக்குதுங்களா?”

தங்கராசு இன்னும் சிறிது நேரம் வைத்துக் கேட்டார். கண்ணை இடுக்கிக்கொண்டு, நல்ல காதுக்கு மாற்றி வைத்தும் கேட்டார். பிறகு ஹெட்ஃபோனை அவனிடம் கொடுத்துவிட்டார்.

“கொசு.”

“இல்லீங்கய்யா, அடுத்து பாலக்காட்டுக்காரரு பேசறாரு. ஒங்களத்தான் கேக்கறாரு, நில்லுங்க…”

“நான் பேசனது பந்தலோட சரி. அதுக்கு மேல ஒரு அடி போயிருக்காது.” வாசற்படியில் நின்று திரும்பாமல் சொன்னார். “செட்டு இங்கியேதான் இருக்கணும். கம்பி மேல எவனும் கை வைக்கக் கூடாது.”

வெளியே வெயில் ஏறியிருந்தது. ஓடினவர்கள் விட்டுப்போன செருப்புகள் வாசலெங்கும் சிதறிக் கிடந்தன. தன்னுடையதை அவர் கொஞ்சம் தேடினார். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு தார் ரோட்டில் இறங்கி, மகளைத் தூக்கியிருந்த பாடையைத் தாண்டி, எல்லோருக்கும் முன்னால் நடக்கத் தொடங்கினார்.